ஆறு இழையில் இரண்டு

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தில் இறக்கிவிடும்போது நன்றாக விடிந்திருக்கும். உடம்பு படுக்கச் சொல்லும். கண்ணை மூடினாலோ, உள்ளே கன்வேயர் ஓட ஆரம்பித்துவிடும். ஒரகடத்தில் லைனில் நின்ற மூன்று வருடமும் தூக்கம் எனக்கு இப்படித்தான்.

அறையில் ஆறு பேர். திருவண்ணாமலைப் பக்கத்து அக்கா ஒருவர் மட்டும் படுக்குமுன் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணை உறையில் பூ போடுவார். "வா பாப்பா, ஒரே ஒரு இலை போட்டுட்டுப் படு" என்று ஒருநாள் ஊசியை நீட்டினார். ஆங்கர் நூல் ஆறு இழையாக வரும். இரண்டைப் பிரித்து, நுனியை நனைத்துக் கோப்பதற்கே நேரமாயிற்று. பள்ளியில் தையல் டீச்சர் சொல்லித் தந்த சங்கிலித் தையல் விரலில் மிச்சமிருந்தது.

லைனிலும் ஒரே அசைவுதான்: வை, இறுக்கு, தள்ளு. இங்கும் குத்து, இழு, குத்து. அது ஆளை உறிஞ்சியது, இது ஆற்றியது. அங்கே வேகம் பெல்ட்டுடையது. நான் இறுக்கியது முழுசாகி எங்கே போனதென்று ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே தப்பினால் பிரித்துவிடலாம். ஊசித்துளை தெரியும், நகத்தால் தேய்த்தால் மறைந்துவிடும்.

2013-ல் பிரிட்டனின் ஆய்விதழ் ஒன்றில் 3,545 பின்னல்காரர்களைக் கேட்டு எழுதியிருந்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாவதாகச் சொன்னார்கள். அவர்களாகச் சொன்னதுதான், மருந்துக்கு ஈடாகாது. ஆனாலும் நான் நம்புகிறேன். சென்னையில் 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் துண்டு துண்டாகப் பின்னி இணைத்த போர்வை 11,148.5 சதுர மீட்டர் விரிந்து கின்னஸில் ஏறியது. அந்த அளவைவிட, அத்தனை பேர் சேர்ந்து பின்னியதுதான் எனக்குப் பெரிது. எங்கள் அறையிலும் ஒரு மாதத்தில் நான்கு ஊசிகளாயின. வீட்டுக் கடன், தங்கையின் காலேஜ் ஃபீஸ், தள்ளிப்போகும் கல்யாணம் எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. கண் துணியில் இருக்கும்போது வாய் சுலபமாகத் திறக்கிறது.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல்களைப் பார்க்கிறேன். நல்ல சாப்பாடும் போதிய தூக்கமும் தராமல் ஊசிநூலை மட்டும் நீட்டினால் அது அநியாயம். அவற்றோடு சேர்த்து, இந்த வட்டாரத்து விடுதிகளில் தளத்துக்கு ஒரு வெளிச்சமான மூலையும் ஒரு பெட்டி நூலும் வைக்க எவ்வளவு ஆகிவிடும்?