தலைப்பில்லாத தாள்கள்

ஓவியம் ஒன்றின் முன் நிற்கும்போது நம்மிற் பெரும்பாலோர் முதலிற் கேட்பது, 'இது எதனைக் குறிக்கின்றது?' என்னும் வினாவையே. கவிதையிற் பொருளையும் கதையிற் கருவையும் தேடிப் பழகிய நாம், ஓவியத்திடமும் அதனையே எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. மேலும், ஈழத்துத் தமிழ் விமரிசன உலகில் 1960களிலும் 1970களிலும் உருவம், உள்ளடக்கம் பற்றி நிகழ்ந்த நீண்ட விவாதங்களின் வழிவந்தவர்கள் நாம். மனிதரைக் காட்டாத கலை மனிதரைப் புறக்கணிக்குங் கலையே என்ற ஐயம் நம் சிந்தனையில் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வையத்தை எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது. அதற்கு நியாயம் உண்டு. ஆயினும் அந்நியாயத்துக்கும் ஓர் எல்லை உண்டென்பதை நான் உணர்ந்தது நஸ்ரீன் மொகமெதி என்னும் இந்திய ஓவியரின் தனிக் கண்காட்சியிலேயாகும்.

நியூ யோர்க் நகரின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் நவீன கலைக்கென 'மெற் புரூயர்' என்ற கிளையொன்றை 2016 மார்ச்சில் திறந்து, 2020 வரை நடத்தியது. கட்டடக் கலைஞர் மார்செல் புரூயர் வடிவமைத்து, 1966இல் வேறோர் அருங்காட்சியகத்துக்கெனத் திறக்கப்பட்ட கட்டடம் அது. புதிய கிளையின் தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்றே நஸ்ரீனுடையது. அவ்வாண்டு வசந்த காலத்தில் அந்நகரிற் சில நாட்கள் தங்க நேர்ந்தமையால், பேராதனையிற் பொறியியல் பயின்ற நண்பர் ஒருவருடன் அதனைக் காணச் சென்றேன்.

நஸ்ரீன் 1937இற் கராச்சியிற் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்தவர். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த சில ஆண்டுகளில், 1947இன் பிரிவினையால், பிறந்த ஊர் வேற்று நாட்டின் ஊராயிற்று. 1954 முதல் 1957 வரை இலண்டன் சென் மார்ட்டின் கலைக் கல்லூரியிற் பயின்றார். 1960களின் தொடக்கத்திற் பாரிசிலும் இருந்தார். பம்பாயில் அரூப ஓவியரான வி. எஸ். கைதொண்டேயின் நட்பும் அவருக்கு வாய்த்தது. 1972 முதல் பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடத்திற் கற்பித்தார். உடலசைவுகளைப் படிப்படியாகக் குலைக்கும் நரம்பு நோயொன்றோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, 1990இல், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

இவ்வளவையும் அறிந்து செல்பவர் அங்கு பெருந் துயரக் காவியம் ஒன்றையே எதிர்பார்ப்பார். ஆனால், சுவர்களில் இருந்தவை தாள்கள். சட்டமிட்ட சிறிய வெண் தாள்கள். அவற்றிற் பென்சிலாலும் மையாலும் இட்ட கோடுகள். வண்ணம் அரிது. மனித உருவம் இல்லை. பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பில்லை, வரைந்த ஆண்டும் குறிக்கப்படவில்லை. ஒளி மிகுந்தால் தாள் மங்கும், பழுப்பேறும் என்பதனால், இத்தகைய படைப்புகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் அளவான மென்னொளியே பொருத்தமென அருங்காட்சியகத்தார் கொள்வர். சில மாதங்கள் காட்சிக்கு வைத்தபின் அவற்றை இருளில் ஓய்வெடுக்கவும் விடுவர். எனவே, பார்ப்போர் யாவரும் தாளை நெருங்கி, சற்றே குனிந்து நின்றனர்.

1960களின் தாள்களில் தூரிகையும் மையும் தந்த கறைகள். செடியெனவும் கடலோரமெனவும் கொள்ளத்தக்க சாயல்கள். 1970களில் அச்சாயல்கள் மறைய, தாள் முழுவதும் கிடைக்கோடுகளும் நெடுங்கோடுகளும் நிறைகின்றன. கட்டடக் கலைஞரின் வரைபலகையும் அளவுகோலும் மைப்பேனாவுமே அவருக்குக் கருவிகளாயின. 1980களில் அப்பின்னலும் கலைந்து, வெண்மையின் நடுவே சில சாய்கோடுகளும் வளைவுகளும் மட்டும் மிதக்கின்றன.

"எங்கட வரைதல் வகுப்புப் படங்கள் போல இருக்கே!" என்று முதலிற் சிரித்தவர் என் நண்பர். பின்பு ஒரு தாளின் முன் நெடுநேரம் நின்றார். நின்றவர் சொன்னார்: "மச்சான், கோடு கீறிப் பழகினவனுக்குத்தான் இதின்ர கஷ்டம் தெரியும்." பேனா சற்றே சாய்ந்தாற் கோட்டின் தடிப்பு மாறும், கை தயங்கிய இடத்தில் மை தேங்கும், நூறு கோடுகள் பிழையின்றி அமைந்தபின் நூற்றோராவது கோடு வழுவினால் தாள் முழுவதும் வீணாகும். இவற்றையெல்லாம் அவர் விளக்க விளக்க, அதுவரை ஒரே சாம்பற் பரப்பாய்த் தோன்றியதிற் செறிவும் நெகிழ்வும் எனக்குப் புலப்படலாயின. கோடுகள் நெருங்கிய இடத்தில் தாள் ஆழமாயிற்று. விலகிய இடத்தில் ஒளி கசிந்தது. அவர் எடுத்த புகைப்படங்களும் அங்கிருந்தன. தறியிற் பூட்டிய பாவு நூல்களைக் காட்டும் படமொன்றைக் கண்டபின், தாளிலுள்ள கோடுகள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல என்பது விளங்கிற்று. அப்புகைப்படங்களை அவர் தம் வாழ்நாளிற் காட்சிக்கு வைத்ததில்லை.

இங்கு ஒரு வசதியான விளக்கம் நமக்குக் காத்திருக்கின்றது. நடுங்கும் உடலை வென்ற நேர்கோடு என்று கூறிவிட்டால், அரூப ஓவியத்துக்கும் ஒரு கதை கிடைத்துவிடும். நம் உள்ளடக்கப் பசியும் தீரும். இவ்விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நோய் முற்றுதற்கு நெடுங்காலம் முன்னரே அவர் தம் வழியைத் தெரிந்துகொண்டார். தம் துயரைக் கூற விரும்பியிருப்பின் உருவங்களைத் தீட்டியிருக்கலாம். அவருடைய நாட்குறிப்புகள் சிலவற்றில், எழுதிய வரிகளையே கோடுகளாலும் பட்டைகளாலும் மறைத்து, ஒரு சில சொற்களை மட்டும் எஞ்சவிட்டிருந்ததைக் கண்டேன். கூறாது விடுதல் அவருடைய தெரிவு. அதனை மதியாது, அவர் மறைத்ததை நாம் தோண்டியெடுத்து ஓவியத்தின் மீது ஒட்டுதல் விமரிசனமாகாது.

அங்ஙனமாயின் இத்தாள்கள் மனிதருக்கு என்ன தருகின்றன? என் விடை சிறியது. அவை நம் கவனத்தைக் கேட்கின்றன. கேட்டபின், அக்கவனத்தை எந்த முடிவுக்கும் இழுத்துச் செல்லாமல் நம்மிடமே விட்டுவிடுகின்றன. ஒரு மனிதர் நெடுநேரம் பொறுமையோடு செய்ததை இன்னொருவர் பொறுமையோடு பார்த்தல் என்பது மனித உறவன்றி வேறென்ன? உருவம் இல்லாத தாளிலும் ஓர் ஆளின் இருப்பு உண்டு. அது கையின் அழுத்தத்தில் இருக்கின்றது.

போர் 2009இல் முடிந்தபின், நம்மிடையே கலை பெரிதும் சாட்சியமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. காணாமற் போனோரையும் இழந்த வீட்டையும் பேசாதிருக்க இயலாத ஒரு சமூகத்தில் அது இயல்பு, இன்றியமையாததுங்கூட. ஆனால், சாட்சியம் மட்டுமே கலையென விதித்துவிட்டால், துயரத்தைச் சொல்லாமற் காக்க விரும்புவோருக்கு நாம் எந்த இடத்தை விட்டுவைப்போம்? வகுப்பறையில் ஒரு மாணவன் வெறுங் கோடுகளைக் கீறிவந்து வைக்கும்போது, அதன் செய்தி யாதென வினவுமுன், அத்தாளைச் சில நிமிடங்களேனும் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். பார்த்தபின் அது வெறுமையெனவே நாம் தீர்ப்புக் கூறலாம். அத்தீர்ப்பு அப்போது பார்த்தவரின் தீர்ப்பாக இருக்கும்.