எஃகு பிறந்த சிற்றூர்

கோடை விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் சென்னை ரயிலில் ஏறிவிடுவது வழக்கம். பிழைக்க வந்த நாட்டின் ஊர்களைக் காண நமக்குப் பொழுது வாய்ப்பதில்லை. அக்குறை தீர இம்முறை குழந்தைகளுடன் கோனசமுத்திரம் சென்று வந்தோம்.

ஹைதராபாதிலிருந்து நாகபுரிச் சாலையில் வடக்கே ஆர்மூர் வரை சென்று கிழக்கே திரும்ப வேண்டும். நிஜாமாபாத் மாவட்டத்துக் கம்மர்பள்ளியை அடுத்த சிற்றூர் இது.

"இங்கே பார்க்க என்னப்பா இருக்கிறது?" என்றான் இளையவன். காலடியில் கிடந்த கருநிறக் கட்டி ஒன்றை அவன் கையில் வைத்தேன். கல்லென்று எண்ணியவன் அதன் கனத்தை உணர்ந்து விழித்தான். அது பழைய உலைகளில் கழிந்த இரும்புக் கிட்டம்.

ஐரோப்பியர் 'டமாஸ்கஸ் வாள்' என்று வியந்தவை தென்னாட்டு எஃகினால் ஆனவை. அவ்வெஃகு பிறந்த இடங்களுள் இவ்வூர் தலையாயது. 1820களில் இங்கு வந்த ஹென்றி வாய்ஸி என்னும் மருத்துவர் தாம் கண்டதை எழுதி வைத்தார். 1832இல் அது அச்சேறியது. இருவகை இரும்பைக் கலந்து, களிமண் மூசையில் இட்டு மூடி, ஒரு பகலும் ஓர் இரவும் துருத்தி ஊதுவார்களாம். அதை வாங்கப் பாரசீகத்து இஸ்பஹானிலிருந்து வணிகர் வந்து, உலையருகே காத்திருந்தனராம்! லண்டனில் மைக்கேல் பாரடே போன்ற பேரறிஞரும் இந்திய எஃகின் நுட்பத்தை அறிய முயன்றார்.

பின்னர் என்ன ஆயிற்று? சீமை இரும்பு மலிவாக வந்து குவிந்தது. 1856இல் பெசமர் கண்ட முறை எஃகை ஆலைப் பொருளாக்கியது. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏட்டில் எழுதாமல் தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்த வித்தை அது. வாங்கிக்கொள்ள ஒரு தலைமுறை இல்லாமற் போனதும் மறைந்தது. வாள்கள் அயல்நாட்டுக் காட்சிசாலைகளில் டமாஸ்கஸ் பெயரோடு விளங்குகின்றன. உலோகம் தந்த ஊரின் பெயரை அறிந்தவர் சிலரே.

தெலுங்கர் 'உக்கு' என்பதையே நாம் 'உருக்கு' என்கிறோம். நம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் பழங்கால எஃகு உலையின் எச்சங்கள் கிடைத்துள்ளன. ஆகவே இவ்வூர் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

கிட்டத்தை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். மனமின்றி வைத்தான். "அடுத்த விடுமுறைக்கும் இந்தப் பக்கமே வேறோர் ஊர் பார்க்கலாமா, அப்பா?" என்று வழியெல்லாம் கேட்டு வந்தான். இத்தனை ஆண்டுகள் இந்த மண்ணின் உப்பைத் தின்ற எனக்கு அந்தக் கேள்வி எழவில்லையே என்று வெட்கமாயிருந்தது.