எட்டா, மூன்றா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான்கு மாதமாக இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் என் சின்ன நாத்தனார் போனில் அழுதாள். கிரெடிட் கார்டு பணம் போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "டீச்சர்கிட்ட போய் இதைச் சொன்னா என்ன நினைப்பீங்களோன்னு பயமா இருந்துச்சு அண்ணி" என்றாள். டீச்சருக்கே நடந்தது என்று தெரிந்திருந்தால் அவள் அன்றைக்கே சொல்லியிருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை, காலை 11 மணி தாண்டி பத்து நிமிடம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. நல்ல தமிழ், பணிவான குரல். என் பெயரைச் சொன்னான், வங்கியின் பெயரைச் சொன்னான். "உங்க கார்டுல 7,480 ரிவார்டு பாயிண்ட் இருக்கும்மா, இன்னிக்கு ராத்திரியோட காலாவதி ஆகுது" என்றான். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "நீங்க வங்கிதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். வகுப்பில் கேட்பது போலவே கேட்டேன். "நியாயமான கேள்விம்மா" என்று சொல்லி என் கார்டின் முதல் நான்கு எண்களைச் சொன்னான். கார்டை எடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

மீதி எண்களை நான் வாசித்தேன். முடித்ததும் அவன் சொன்னான். "அம்மா, ஒரு நம்பர் தப்பா இருக்கே, திரும்பப் பாருங்க." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், ஓர் எட்டை மூன்று என்று படித்திருக்கிறேன். அந்த இடத்தில்தான் நான் முழுசாக விழுந்தேன். நான் தப்பாகச் சொன்னது அவனுக்குத் தெரிகிறது என்றால், என் எண் ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. அப்படியானால் இவன் வங்கிக்காரன்தான் என்று நம்பிவிட்டேன்.

பின்பக்கத்து மூன்று எண்ணைக் கேட்டபோது தயங்கினேன். "வாயால சொல்லாதீங்கம்மா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. போன்லயே பட்டனை அழுத்துங்க, எனக்குத் தெரியாது, சிஸ்டத்துக்குத்தான் போகும்" என்றான். எவ்வளவு பொறுப்பான பையன் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினேன். பிறகு ஓடிபி வந்தது. படித்துச் சொன்னேன்.

அந்த மெசேஜில் ஓடிபி மட்டுமா இருந்தது? எந்தக் கடை, எவ்வளவு தொகை, யாரிடமும் பகிராதீர்கள் என்று எல்லாமே இருந்தது. 46,200 ரூபாய் என்று எழுதியே இருந்தது. நான் ஆறு எண்ணை மட்டும் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் உங்களுக்கெல்லாம் "கேள்வியை முழுசாப் படி, அப்புறம் விடை எழுது" என்று சொல்லித் தலையில் குட்டினவள் நான். குட்டு வாங்கினவர்கள் இப்போது சிரித்துக்கொள்ளலாம்.

பணம் போன மெசேஜும் வந்தது. "அது சும்மா பிடிச்சு வைக்கிறதும்மா, 24 மணி நேரத்துல பாயிண்டோட சேர்ந்து திரும்ப வரும். அதுக்குள்ள வங்கிக்குக் கூப்பிட்டா கோரிக்கை ரத்தாயிடும்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அன்று மாலை விளக்கு வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவர் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முறை சொல்லப் போய்த் திரும்பி வந்தேன். மருமகனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார், தெருவில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், அவர்கள் என்ன பேசுவார்கள் என்றுதான் ஓடியது. பணத்தைப் பற்றி நினைத்ததைவிட அதைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

அதிகாலை 2.40-க்கு இன்னொரு மெசேஜ். வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் 31,850 ரூபாய். இதற்கு ஓடிபியே கேட்கவில்லை. வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று எண் இருந்தாலே போதும். மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போனபோது கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்தவள், வந்தபின் மூடவில்லை.

காலை ஆறரைக்குக் காபி கொடுக்கும்போது அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் தேடினார். கார்டைத் திருப்பி, பின்னால் இருந்த எண்ணை அவரே போட்டுக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் கார்டு முடக்கப்பட்டது. அடுத்து 1930. சைபர் குற்றங்களுக்கென்றே உள்ள எண், இந்தியா முழுக்க ஒரே எண். பேசின பெண் முதலில் கேட்டது, "எப்போ நடந்துச்சும்மா?" என்றுதான். நேற்று பதினொரு மணி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறதாம்.

வங்கியில் இரண்டுமே திரும்பவில்லை. ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதி இருக்கிறது. நம் தப்பே இல்லாமல், வங்கியின் தப்பும் இல்லாமல் வெளியாள் திருடினால், செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமில்லை. நாமே எண்ணைக் கொடுத்திருந்தால் நஷ்டம் நம்முடையது. ஆனால் அதுவும், நாம் வங்கிக்குச் சொல்லும் நிமிடம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. வியாழக்கிழமை மாலையே சொல்லியிருந்தால் அந்த 31,850 போயிருக்காது. 46,200 என் ஏமாளித்தனத்துக்கு. 31,850 என் வெட்கத்துக்கு. இரண்டையும் சேர்த்து இப்போது தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு, 1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, இன்று சென்னையில் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் இருப்பவன் விவரமெல்லாம் சொன்னான். கார்டின் முதல் ஆறு, சிலவற்றில் எட்டு எண்கள், எந்த வங்கி, என்ன வகைக் கார்டு என்பதைக் குறிப்பவை. அதே வகைக் கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் அவை ஒன்றுதான். விசா என்றால் நான்கில் தொடங்கும். ஆக அவன் எனக்குச் சொன்னது ஊருக்கே பொதுவான எண். பட்டனை அழுத்தும்போது வரும் சத்தம் ஒவ்வோர் எண்ணுக்கும் வேறு வேறு. அதைக் கேட்டே எந்த எண் என்று கணினி சொல்லிவிடும்.

அந்த எட்டும் மூன்றும்? இதைக் கேட்டதும் எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது. நம் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். பதினாறு எண்ணையும் எழுதி, வலப்பக்கத்துக் கடைசி எண்ணை விட்டுவிட்டு அதற்கு முந்தையதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரண்டால் பெருக்கு. விடை இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டு. பிறகு பதினாறு இடத்தையும் மொத்தமாகக் கூட்டு. கூடுதல் பூஜ்யத்தில் முடிய வேண்டும். ஒரே ஓர் எண் தப்பினாலும் முடியாது. ஐபிஎம்-மில் இருந்த லூன் என்பவர் கண்டுபிடித்த முறை, 1960-ல் காப்புரிமை பெற்றது. எந்தக் கடையின் இணையதளத்தில் தப்பான எண்ணைப் போட்டாலும் உடனே காட்டிக்கொடுக்கும். என் எண் அவனிடம் இல்லவே இல்லை. நான் சொல்லச் சொல்ல அவன் அடித்துக்கொண்டிருந்தான். உங்கள் கார்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். போட்ட தாளைக் கிழித்துவிடுங்கள்.

இப்போது வங்கி என்று யார் கூப்பிட்டாலும், நல்லவனோ கெட்டவனோ, "நானே கூப்பிடறேன் தம்பி" என்று வைத்துவிடுகிறேன். கூப்பிடுவது கார்டின் பின்னால் இருக்கிற எண்ணுக்கு. கூகுளில் தேடி எடுக்கிற வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு இல்லை. அங்கேயும் போலி எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடிவிட்டேன். இணையத்தில் வாங்க 5,000 ரூபாய்தான் வரம்பு. இரண்டும் வங்கியின் செயலியிலேயே இருக்கின்றன. எனக்குப் பேத்தி செய்து கொடுத்தாள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் உட்கார்ந்து செய்து கொடுங்கள். செய்யும்போது "இதுகூடத் தெரியலையா" என்று மட்டும் கேட்காதீர்கள்.

யாருக்காவது நடந்திருந்தால், நேற்றோ பத்து நாள் முன்போ, முதலில் வங்கிக்கும் 1930-க்கும் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். என் எண் அதே பழைய எண்தான். ராத்திரி என்றாலும் எடுப்பேன். ஆனால் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டால், எந்த வருடம், எந்த வகுப்பு, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்ட பிறகுதான் பேசுவேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.