எண்ணத் தெரியாத குழந்தைகள்

ஐந்து வயதுக் குழந்தைக்குக் கணக்கு வருமா என்று பார்க்க, நாலு கூழாங்கல்லைக் கையில் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்க வேண்டும். நம்மால் அது முடிகிறதா? பேசிவிடுகிறோம். பேசினால் ஏதோ ஒரு மொழியில்தானே பேசியாக வேண்டும்!

கலிபோர்னியாவில் மெக்ஸிகோ வம்சத்துக் குழந்தைகள் ஒன்பது பேருக்கு அதுதான் வினையாயிற்று. வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் புத்தியைச் சோதித்ததோ ஆங்கிலத்தில். மந்தபுத்திக்காரர்களுக்கான வகுப்பில் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டார்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது, பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்ல என்று தெரிந்தது. 'டயானா வழக்கு' என்பார்கள். 1970இல் சமரசமாயிற்று, இனித் தாய்மொழியிலும் சோதிப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

அது புத்திச் சோதனை. பாலர் வகுப்புக் கணக்கிலும் இதே சங்கடம்தான். ஸ்பானிஷிலேயே கேட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. பாட்டியோடு எண்ணியது ஸ்பானிஷில் இருக்கும். பள்ளியில் படித்தது ஆங்கிலத்தில் இருக்கும். 'சிக்ஸ்டீன்' என்றால் காதில் முதலில் விழுவது ஆறு. ஸ்பானிஷில் 'தியேசிசேயிஸ்', அதாவது பத்தும் ஆறும். அங்கே பத்துதான் முதலில். ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு 61 என்று எழுதுகிற குழந்தைக்குத் தப்பு கணக்கிலா, காதிலா?

ஆகவே இரண்டு மொழியிலும் கேட்க வேண்டும். எதில் பதில் வந்தாலும் குறித்துக்கொள்ள வேண்டும். நேரம் பிடிக்கும்தான். பிடிக்கட்டுமே! குழந்தை வாயே திறக்காமல் விரலை நீட்டிக் காட்டினாலும் எனக்குச் சம்மதமே.