பூட்டு சரி, சாவி எங்கே?

2011 ஜூன் 19 அன்னிக்கு ட்ராப்பாக்ஸ்ல ஒரு கூத்து நடந்துச்சு. ஏறக்குறைய நாலு மணி நேரம், எந்த பாஸ்வேர்டை அடிச்சாலும் கணக்கு திறந்துக்கிச்சு. அவங்க சர்வர்லயும் என்கிரிப்ஷன் இருந்துச்சு மக்களே! ஆனா பூட்டும் சாவியும் ஒரே ஆள் கையில இருந்தா அது என்ன பூட்டு?

அதனாலதான் என் இன்சூரன்ஸ் பாலிசி, பேங்க் விவரம், வீட்டுப் பத்திர நகல் எல்லாத்தையும் க்ரிப்டோமேட்டர்ல பூட்டித்தான் க்ளவுட்ல ஏத்துறேன். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நம்ம கணினியிலேயே ஒவ்வொரு கோப்பையும், அதோட பேரையும் சேர்த்து, ஏஇஎஸ் 256 முறையில பூட்டிடும். வெராக்ரிப்ட் மாதிரி எல்லாத்தையும் ஒரே பெரிய கோப்புக்குள்ள அடைக்காது. ஒண்ணை மாத்தினா அது மட்டும் திரும்ப ஏறும்.

ஆனா பாஸ்வேர்டும் ரெகவரி கீயும் இல்லேன்னா, மென்பொருளை எழுதினவங்களாலயே திறக்க முடியாது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா? அந்த இன்சூரன்ஸ் யாருக்காக எடுத்தேனோ அவங்களாலயே பாலிசியைப் பார்க்க முடியாது. எல்லாம் பத்திரமாத்தான் இருக்கும், யாருக்கும் உதவாம.

அதான் ரெகவரி கீயைப் பேப்பர்ல எழுதி அம்மாவோட பீரோவுல வச்சாச்சு. திறக்கிற விதத்தைத் தங்கச்சிக்கும் சொல்லிக் கொடுத்தாச்சு. உங்க வீட்ல யாருக்குத் தெரியும்? :)