வலது பக்க நட்டு



அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டி நெருங்குகிறது. "நீதான் ரெண்டு தடவை ஓட்டியிருக்கியே, போறவங்களுக்கு உபயோகமா ஏதாவது எழுது" என்று தமிழம்மா சொன்னார்கள். பேனாவை எடுத்தால் காற்று, டயர், செயின் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத மனசு வரவில்லை. எழுதட்டுமா என்று என் தோழியிடம் கேட்டேன். "எழுதிக்கோ, ஆனா என் பேரைப் போடாத" என்றாள். அதனால் இதில் அவள் வெறும் 'தோழி' மட்டும்தான். (யார் என்று கண்டுபிடித்து ஓரத்தில் பென்சிலால் கிறுக்க வேண்டாம், ப்ளீஸ்!)

தெரியாதவர்களுக்காக முதலில் விதிமுறை. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. மாணவிகளுக்கு 13 வயதுப் பிரிவில் 10 கிலோமீட்டர், மற்ற இரண்டிலும் 15. மாணவர்களுக்கு 15, 20, 20. முதல் மூன்று பரிசு ரூ.5000, 3000, 2000. நாலாவது இடத்திலிருந்து பத்தாவது இடம் வரை ஆளுக்கு ரூ.250. இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் வண்டி கூடாது. இதுதான் எனக்குப் பிடித்த விதி. பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிளை வைத்துக்கொண்டே யாரும் போய் நிற்கலாம்.

நான் முதல் தடவை போனது ஒன்பதாம் வகுப்பில், அக்காவின் பழைய சைக்கிளில். அப்போது எனக்குத் தெரிந்த தந்திரம் ஒன்றே ஒன்று: கொடி அசைத்ததும் உயிரைக் கொடுத்து மிதி! அப்படியே செய்தேன். முதல் பாதி முழுக்க நான்தான் முன்னால். பின்னால் திரும்பிப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் வால் பிடித்த மாதிரி வரிசையாக வருகிறார்கள். எனக்கு ஒரே பெருமை. திரும்புகிற இடம் வந்ததும் அந்த ஏழெட்டுப் பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் போனார்கள். எனக்குக் காலே எழும்பவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். என்ன நடந்தது என்று அப்போது புரியவில்லை.

புரிய வைத்தவர் எங்கள் ஊர் சைக்கிள் கடை அப்பாரு. "மேல்காத்துல மூஞ்சியக் குடுத்துட்டு நீ போயிருக்கற கண்ணு. உம் முதுகுக்குப் பின்னால அவுங்க நெழல்ல வந்துருக்கறாங்க" என்றார். நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிறது. ஆடியில் அடிக்கிற காற்று புரட்டாசி வரைக்கும் விடாது. பல்லடம், உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலை சும்மாவா நட்டிருக்கிறார்கள்? மேற்கே பார்த்து ஓட்டினால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரியே இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும் என்று இயற்பியல் சாரும் சொன்னார். ஆனால் முன்னால் ஒருத்தர் போனால் அந்தத் தடையில் ஒரு நல்ல பங்கை அவர் வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்கு மூச்சு மிச்சமாகும்.

ஆகவே எதிர்காற்றில் முன்னால் போகாதே. அதற்காகக் கடைசி வரை ஒளிந்துகொண்டே வந்தாலும் ஜெயிக்க முடியாது, முன்னால் இருக்கிறவர்கள் எரிச்சலாகி மெதுவாக்கிவிடுவார்கள். இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி முன்னால் போவதுதான் நல்லது. நானும் தோழியும் மின்கம்பத்தை எண்ணினோம். பத்துக் கம்பம் அவள் முன்னால், பத்துக் கம்பம் நான். பின்னால் இருக்கும்போது அவள் பின் சக்கரத்துக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. பக்கவாட்டில் மட்டும் சக்கரத்தை நுழைக்கவே கூடாது. முன்னால் போகிறவர் லேசாக ஒதுங்கினாலும் உங்கள் சக்கரம் உரசும், விழப்போவது நீங்கள்தான். என் முழங்கையில் இருக்கிற தழும்பு அப்படி வாங்கியது.

பிளஸ் ஒன்னில் எங்கள் இரண்டு பேருக்கும் சைக்கிள் வந்தது. இரண்டு மாதம் பயிற்சி எடுத்தோம். என் வண்டியில் பல்லை எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44, பின்னால் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 5 மீட்டர் போகிறது. 15 கிலோமீட்டருக்கு மூவாயிரம் சுற்று! 40 நிமிஷத்தில் முடிக்க நினைத்தால் நிமிஷத்துக்கு 75 சுற்று. கியர் இல்லாததால் வேறு வழி கிடையாது. சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு அவ்வளவு சுற்ற முடியாது, முட்டி வலிக்கும். நம் பள்ளிப் பெண்களில் நிறையப் பேர் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்திருக்கிறோம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சரியான உயரம். முதல் இரண்டு நாள் பயமாக இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

டயரைக் கல்லு மாதிரி வைக்க வேண்டும். எவ்வளவு காற்று என்று டயரின் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். காற்று நிற்கவில்லை என்றால் உடனே பஞ்சர் என்று நினைக்காதீர்கள். வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்டியூப் போய்விட்டது, அதை மாற்றினால் போதும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள் (எங்கள் அம்மா!). அது பிசுபிசுவென்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பைக்கிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

இனி நட்டு.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியின் எடையைக் குறைக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. யோசனை என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருத்தி எடை போடுகிற தராசில் தோழியின் வண்டியைத் தூக்கி வைத்தோம், 19 கிலோ. கேரியர், ஸ்டாண்டு, கூடை, மட்கார்டு, செயின் கவர் எல்லாம் கழற்றினதும் பதினைந்தரை. கைதட்டிச் சிரித்தோம். இப்போது யோசித்தால், சமதளத்தில் அந்த மூன்றரை கிலோவால் பெரிய லாபம் எதுவும் இல்லை. குனிந்து ஓட்டுவதும் டயரில் காற்று வைப்பதும் அதைவிட நிறையக் கொடுக்கும்.

ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பி எல்லாமே பின் சக்கர அச்சில்தான் மாட்டியிருக்கும். அவற்றைக் கழற்ற இரண்டு பக்க நட்டையும் தளர்த்த வேண்டும். கழற்றினேன். திரும்ப சக்கரத்தை இழுத்து வைத்து, செயின் நடுவில் அரை அங்குலம் ஆடுகிற மாதிரி பார்த்து, இடது பக்க நட்டை நன்றாக முறுக்கினேன். வலது பக்கம் முறுக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த ஸ்பேனர் வழுக்கியது. அளவு கொஞ்சம் பெரிசு. இருட்டிவிட்டது. அம்மா வேறு கூப்பிட்டார்கள். அப்பாரு கடையில் சரியான ஸ்பேனர் இருக்கிறது, காலையில் போகும்போது முறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் நேரமாகிவிட்டது. கடை பூட்டியிருந்தது. "ரெண்டு பக்கமும் டைட்டா இருக்காடி?" என்று கேட்டாள். "இருக்கு, இருக்கு" என்றேன். பார்க்கவில்லை. சும்மா சொன்னேன்.

போட்டியில் எங்கள் திட்டம் அச்சு அசலாக நடந்தது. எதிர்காற்றில் பத்துப் பத்துக் கம்பமாக மாற்றிக்கொண்டோம். ஏழரை கிலோமீட்டரில் திரும்பும்போது முன்னால் ஆறு பேர்தான், அதில் நாங்கள் இரண்டு பேர். காற்று முதுகில் வந்துவிட்டது, வண்டி பறந்தது. பதினோராவது கிலோமீட்டரில் ஒரு வாய்க்கால் பாலம், சின்ன ஏற்றம். அங்கேதான் வேகம் எடுப்பது என்று பேசி வைத்திருந்தோம். அவள் எழுந்து நின்று மிதித்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் டயர் கம்பியில் தேய்கிற சத்தம்.

செயின் இருக்கிற பக்கம் நட்டு தளர்வாக இருந்தால், அழுத்தி மிதிக்கும்போது செயின் அந்தப் பக்க அச்சை முன்னால் இழுத்துவிடும். சக்கரம் கோணிக்கொண்டு டயர் இடது பக்கக் கம்பியில் போய் முட்டும். செயின் தொங்கிக் கழன்றுவிடும். சத்தம் கேட்ட அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் "நீ போடி, போ" என்று கத்தினாள். நான் போனேன். நின்றிருந்தாலும் கையில் ஸ்பேனர் கிடையாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே மிதித்தேன். நாலாவதாக வந்தேன். அவள் மிச்ச நாலு கிலோமீட்டரும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"வண்டி சரியில்ல" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவள் அப்பாவிடமும் அதையே சொன்னேன். ஒரு வருஷம் அப்படியே போனது. அந்த 250 ரூபாயில் சரியான அளவு ஸ்பேனர் ஒன்று வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

பல பந்தய சைக்கிள்களில் பின் சக்கரத்தை ஒரு லீவரைத் திருப்பியே கழற்றுகிறார்கள் அல்லவா? அதற்கும் ஒரு நட்டுக் கதை உண்டு. 1927இல் இத்தாலியில் துல்லியோ கம்பன்யோலோ என்ற வீரர் மலைப் பாதையில் பந்தயம் ஓட்டும்போது, குளிரில் விரல் மரத்துப்போய்ச் சக்கரத்தின் நட்டைத் திருப்ப முடியாமல் தோற்றாராம். அதற்கப்புறம்தான் அந்த லீவரைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். இதை ஒரு புத்தகத்தில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கு நட்டு திரும்பவில்லை, நான் நட்டைத் திருப்பவே இல்லை.

மறுநாள் மதியம் வேப்பமரத்தடியில் சாப்பிடும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். பாலத்துல நட்டு கையிலயே சுத்துச்சு."

"ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அதற்கு மேல் பேசவில்லை. இரண்டு நாள் தனியாகத்தான் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் நாள் சைக்கிளோடு வந்து, "எப்படிப் பாக்கறதுன்னு சொல்லு, நானே பாத்துக்கறேன்" என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கும் அதேதான். முதலில் வலது பக்கம் பாதி முறுக்கி, சக்கரம் கம்பிகளுக்கு நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்து, இடது பக்கம் பாதி, பிறகு இரண்டையும் முழுசாக. வாஷரை மறக்காதீர்கள். அப்புறம் முன் சக்கரத்தைச் சுவரில் முட்டக் கொடுத்து, பிரேக் பிடிக்காமல் பெடலில் ஏறி நின்று அழுத்துங்கள். பின் சக்கரம் இம்மியும் நகரக் கூடாது. கடைசியாக நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நட்டு திரும்பியிருந்தால் கோடு உடைந்திருக்கும், இருட்டிலும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். இது அப்பாரு சொன்னதில்லை, தோழியின் யோசனை.

எனக்கு இந்தத் தடவை 17 வயது தாண்டிவிட்டது. அவளுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, பெயர் கொடுத்துவிட்டாள். இப்போது காலையில் அவள் ஓட்ட, நான் எதிர்காற்றில் முன்னால் போகிறேன். பத்துக் கம்பம் இல்லை, முழுத் தூரமும். நேற்று நட்டை நான் ஒரு முறை முறுக்கிப் பார்த்தேன். நான் எழுந்ததும் அவளும் உட்கார்ந்து ஒரு முறை முறுக்கிப் பார்த்தாள்.

- பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி