உள்ளே ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம்



போன வாரம் புள்ளிக்கோட்டு எழுத்துத் தாள்களைப் படம் பிடித்துப் போட்டிருந்தேன். "டீச்சர், இதைக் கம்ப்யூட்டரில் எப்படிச் செய்தீர்கள்?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அண்ணன் மகள் மட்டும், "அத்தை, நெசமாவே நீங்கதான் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். நானேதான் செய்தேன் அம்மா. இரண்டு மாதம் ஆயிற்று. மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குப் பிள்ளைகள் வருவது உங்களுக்குத் தெரியும். அதில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். பெற்றோர் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள். தெருவில் விளையாடியே கற்றுக்கொண்டுவிட்டார்கள். எழுத்துதான் வரவில்லை. அவர்களுக்குக் கையைப் பிடித்துச் சுழிக்கச் சொல்லித்தர வேண்டும். பழைய நாளாக இருந்தால் நானே பென்சிலால் புள்ளி வைத்து எழுதிக் கொடுத்துவிடுவேன். என் கரும்பலகை எழுத்தைப் பார்த்த உங்களுக்குத் தெரியும், எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். காபி டம்ளரைப் பிடித்துவிடலாம், 'ஐ' எழுத முடியவில்லை. ஒரு நாள் நான் போட்ட 'இ'யைப் பார்த்து ஒரு குட்டிப் பெண் அதே நடுக்கத்தோடு அப்படியே எழுதினாள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன்.

தங்கை மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அலமாரியில் சும்மா கிடந்தது. அதில் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளை அவளே போட்டுக் கொடுத்தாள். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கோடுகளால் படம் வரைகிற மென்பொருள். இதற்கும் சாதாரண பெயின்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நான் கோலத்தைத்தான் சொல்வேன். மாக்கோலத்தில் இழை தனி, நடுவே தூவுகிற கலர்ப்பொடி தனி. பொடியைக் கூட்டித் தள்ளினாலும் இழை இருக்கும். இந்த மென்பொருளிலும் அப்படித்தான். ஒவ்வொரு வடிவத்துக்கும் உள்ளே ஒரு நிறம், ஓரக் கோட்டுக்கு ஒரு நிறம். உள்ளே இருப்பதை ஃபில் என்கிறார்கள். ஓரத்தை இங்க்ஸ்கேப்பில் ஸ்ட்ரோக் என்றும் கடைகளில் அவுட்லைன் என்றும் சொல்கிறார்கள். ஒன்றை எடுத்தால் மற்றது போகாது. இரண்டையும் எடுத்துவிட்டால் வடிவம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கேயேதான் இருக்கும். அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

பேனா போன்ற கருவியை எடுத்து, புள்ளி புள்ளியாக மவுசால் தட்டி ஒரு 'அ' வரைந்தேன். மவுசுக்கு நடுக்கம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் புள்ளியைத் தப்பாக வைத்தால் பிறகு நகர்த்திச் சரிசெய்யலாம், காகிதத்தில் அது முடியாது. அரை மணி நேரத்தில் என் பழைய 'அ' திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அதைச் சிவப்பாக்கலாம் என்று கீழே இருக்கும் வண்ணப் பட்டையில் சிவப்பைத் தட்டினேன். கோடு சிவக்கவில்லை. 'அ'வின் வயிறு முழுக்கச் சிவப்பு ஏறிவிட்டது! கோட்டின் இரண்டு முனையும் சேரவில்லை என்றாலும், சேர்ந்திருப்பதுபோல நினைத்துக்கொண்டு அது உள்ளே நிரப்பிவிடுகிறது.

தங்கை மகளுக்குப் போன் போட்டேன். "பெரியம்மா, வெறுமனே தட்டினா உள்ளதான் கலர் போகும். ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டுத் தட்டினா கோட்டுக்குப் போகும். பட்டையோட இடது ஓரத்துல ஒரு பெருக்கல் குறி இருக்கு பாருங்க, அதைத் தட்டுங்க, வயித்துல இருக்கிற சிவப்பு போயிடும். ஷிஃப்டோட தட்டினா கோட்டோட நிறம் போயிடும்" என்றாள். அவ்வளவுதான். ஒரு தட்டலில் போய்விட்டது. ஆனால் போன் போடுவதற்கு முன்பே நான் வேறு பல எழுத்துகளில் ஒரு தப்பு செய்துவைத்திருந்தேன். சிவப்பு போக வேண்டுமே என்று வெள்ளையைத் தட்டியிருந்தேன். திரையும் வெள்ளை, வயிறும் வெள்ளை. போய்விட்டது என்றே நினைத்தேன்.

அது வெளிப்பட்டது ஒரகடத்தில். நாற்சந்தியைத் தாண்டி என் பழைய மாணவன் ஒருவன் ஸ்டிக்கர், ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். பெயரைப் போடாதீங்க டீச்சர் என்று சொல்லியிருப்பதால் போடவில்லை, உங்களில் சிலர் கண்டுபிடித்துவிடுவீர்கள். கம்பெனி வேன்களுக்கு எழுத்து வெட்டுவது, நம்பர் பிளேட், கம்பெனிக்குள் ஒட்டுகிற பாதுகாப்பு அறிவிப்புகள் என்று எந்நேரமும் வேலை. அவனிடம் நாலுக்கு மூணு அடியில் உயிரெழுத்து ஃபிளெக்ஸ் ஒன்று கேட்டேன், திண்ணைச் சுவரில் மாட்ட. பென் டிரைவில் இருந்ததைத் திறந்து, பின்னால் மஞ்சள் நிறம் கொடுத்தான். உடனே எட்டு எழுத்துகளின் வயிற்றில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"டீச்சர், வெள்ளையும் ஒரு கலருதான். கலர் இல்லாம இருக்கறது வேற" என்றான். பூஜ்யம் வேறு, ஒன்றும் எழுதாமல் விடுவது வேறு என்று இவனுக்கு நான்காம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவன் வைத்திருப்பது கோரல்டிரா. நம் ஊர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் இருந்து கட்சி பேனர் வரை பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. அதில் வண்ணப் பட்டை வலது ஓரத்தில் நெடுக இருக்கும், அதன் உச்சியில் பெருக்கல் குறி போட்ட கட்டம். வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அந்தக் கட்டத்தில் இடது கிளிக் செய்தால் உள்நிறம் போகும். வலது கிளிக் செய்தால் அவுட்லைன் போகும். நிறம் கொடுப்பதும் அதே கணக்குதான், இடது கிளிக்கில் உள்ளே, வலது கிளிக்கில் ஓரத்தில். எல்லா எழுத்துக்கும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டுமானால் கன்ட்ரோலும் 'ஏ'யும் அழுத்தி மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு கிளிக். என் எட்டு வெள்ளைத் திட்டும் ஒரு நொடியில் காணாமல் போயின. நான் வீட்டில் ஒவ்வொன்றாகத் திறந்து பெட்டிக்குள் பெட்டியாகத் தேடியிருப்பேன்.

இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வரி: 'எக்ஸ்' எழுத்தை அழுத்தினால் உள்நிறம், ஓரம் இரண்டில் எது முன்னால் என்பது மாறும். சாய்கோட்டு விசையை அழுத்தினால் முன்னால் இருப்பதன் நிறம் போய்விடும்.

இன்னொன்று. வாட்ஸப்பில் வந்த லோகோவைக் கொண்டுவந்து பின்னால் இருக்கும் வெள்ளையை இப்படி எடுக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அது புகைப்படம் மாதிரி. அதில் கோடும் இல்லை, உள்நிறமும் இல்லை. பெருக்கல் குறியை எத்தனை தடவை தட்டினாலும் அந்த வெள்ளை அசையாது. அவன் கடையில் நாளுக்கு ஒருவராவது இதற்காகக் கோபித்துக்கொண்டு போகிறாராம்.

அவனுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது, ஆசிரியர்கள் இதைக் கவனியுங்கள். "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் டீச்சர் வரையறீங்க? எழுத்தை டைப் பண்ணி, ஃபில்லை எடுத்துட்டு, அவுட்லைனைப் புள்ளிக்கோடாக்கிட்டா முடிஞ்சுது" என்று ஒரு நிமிடத்தில் செய்து காட்டினான். எஃப் 12 அழுத்தினால் அவுட்லைன் பெட்டி திறக்கிறது, அதில் புள்ளிக்கோடு இருக்கிறது. பார்க்க அழகாக வந்தது. ஆனால் அது குழந்தைக்கு ஆகாது. அச்செழுத்துக்கு ஒரு தடிமன் உண்டு, அதனால் அவுட்லைன் என்பது எழுத்தின் இரண்டு கரையும்தான். குழந்தை ஒரு கரையோரமாகப் பென்சிலைக் கொண்டுபோய், வளைந்து, மறு கரை வழியாகத் தொடங்கின இடத்துக்கே வந்து நிற்கும். ஏரியைச் சுற்றி வருவதுபோல. எங்கே தொடங்குவது, எங்கே சுழிப்பது, எங்கே கையை எடுப்பது என்று ஒன்றும் தெரியாது. எழுதிப் பழக நடுவே ஒற்றைக் கோடு வேண்டும். அதைக் கையால்தான் வரைய வேண்டும். அச்செழுத்தை வெளிறிய சாம்பல் நிறத்தில் அடியில் வைத்துக்கொண்டு, அதன் நடுவில் கோடு இழுத்து, பிறகு அடியில் இருப்பதை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. கூடு எழுத்தையும் நான் தூக்கிப் போடவில்லை. வண்ணம் தீட்டுவதற்கு அது நல்லது. ஒரு எழுத்துக்கு இரண்டு தாள், ஒன்று எழுத, ஒன்று தீட்ட.

இனி அந்தக் கூத்து. அவன் சாப்பிடப் போனபோது என்னை இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்காரவைத்தான். நான் எதையும் தேர்ந்தெடுக்காமலே பெருக்கல் குறியில் இடது கிளிக் செய்துவிட்டேன். ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. எல்லாவற்றிலும் டிக் போட்டு ஓகே கொடுத்தேன். இந்த வயதில் பெட்டி வந்தால் ஓகே கொடுப்பதுதான் பழக்கம். பிறகு நான் எழுந்துகொள்ள, கடையில் வேலை பார்க்கும் பெண் வந்து அதே கோப்பில் 'தலைக்கவசம் அணியவும்' என்று ஒரு கம்பெனிக்கு அடிக்க ஆரம்பித்தாள். எழுத்தே வரவில்லை. மறுபடி அடித்தாள். கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவையும் ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டிய ஆர்டர், பாவம், முகம் வெளுத்துவிட்டது.

அவன் கை கழுவிக்கொண்டு வந்து, வியூ மெனுவில் வயர்ஃப்ரேம் என்பதைத் தட்டினான். நிறம் எல்லாம் மறைந்து வெறும் கோடுகள் மட்டும் தெரியும் பார்வை அது. மூன்று தலைக்கவசமும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன! எதையும் பிடிக்காமல் நிறத்தைத் தட்டினால், இனிமேல் இந்தக் கோப்பில் உருவாகும் எல்லாவற்றுக்கும் இதுதான் நிறமா என்று அந்தப் பெட்டி கேட்கிறது. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எழுத்துக்குச் சாதாரணமாக அவுட்லைன் கிடையாது. ஃபில்லும் இல்லை என்றால் என்ன தெரியும்? சரிசெய்வதும் அதே வழிதான். வெற்றிடத்தில் ஒரு கிளிக், கறுப்பில் ஒரு இடது கிளிக், அதே பெட்டி, எழுத்துக்கு டிக், ஓகே. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அவளுக்கு முறுக்கு கொண்டுபோனேன்.

அன்றைக்குத்தான் அவன் அதைச் சொன்னான். கூடு எழுத்துகளை அச்சுக்குப் போட்டுவிட்டு, திரையைப் பார்த்தபடியே, சிரித்துக்கொண்டு: "இதுக்குத்தான் டீச்சர் நீங்க எனக்கு அடி போட்டீங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"கிளி வரையச் சொன்னீங்க. நான் கோடு மட்டும் போட்டுக் கொடுத்தேன். கலர் அடிக்காம சோம்பேறித்தனமா கொண்டாந்திருக்கியான்னு முட்டிமேல ஒண்ணு. கிளி நல்லாதான் இருந்துச்சு. கலர் பென்சில் இல்ல, அவ்ளோதான்."

எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. அவன் சொன்ன நாளில் இருந்து யோசித்துப் பார்க்கிறேன், அவன் உட்கார்ந்த இடம் நினைவிருக்கிறது, அவன் அம்மா நினைவிருக்கிறது, கிளி வரவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கிய 1998-ஐ ஒட்டிய வருடங்கள் அவை. நம் பிள்ளைகளின் வீடுகளில் இன்னும் கூலி வேலைதான். கலர்ப் பென்சில் எத்தனை வீட்டில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அடித்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"ஏண்டா அப்பவே சொல்லல?" என்றேன். "சொன்னா இன்னொண்ணு விழும்னு பயம் டீச்சர்" என்றான், அதே சிரிப்போடு. அதற்குள் ஒரு வேன் டிரைவர் வந்து ஸ்டிக்கர் கேட்க, அவன் எழுந்து போய்விட்டான். நான் பிரிண்டர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஃபிளெக்ஸுக்கு மட்டும் காசு வாங்கினான், தாள்களுக்கு வாங்கவில்லை. நான் வைத்த பணத்தைத் திருப்பித் தந்து, "இதுக்குப் பசங்களுக்குக் கலர் பென்சில் வாங்கிடுங்க" என்றான். ஆறு டப்பா வாங்கினேன். திண்ணையிலேயே வைத்திருக்கிறேன், யாரும் வீட்டில் இருந்து கொண்டுவர வேண்டியதில்லை. பச்சைதான் முதலில் தீர்ந்தது.

இப்போதைக்கு 12 உயிரும் ஆய்தமும் முடிந்திருக்கின்றன. மெய் 18-ல் 'ழ்' மட்டும் பாக்கி. அடியில் வளைந்து திரும்பும் இடத்தில் புள்ளிகள் எனக்குச் சொன்னபடி நிற்கவில்லை. பி.டி.எஃப். வேண்டும் என்கிறவர்கள் மெசேஜ் அனுப்புங்கள். மாற்றி வரைய விரும்புகிறவர்களுக்கு இங்க்ஸ்கேப் கோப்பாகவே தருகிறேன். வயிற்றில் எங்காவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது என் கைவேலைதான், பெருக்கல் குறியைத் தட்டிவிடுங்கள்.

நான் மறந்துபோன கிளி வேறு யாரிடமாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். இங்கே எழுதக் கூச்சமாக இருந்தால் தனியாக அனுப்புங்கள். இனிமேல் அடி விழாது.